21 வருஷம் கழித்து வந்த பதில்: ‘இந்தக் கதவு உங்களுக்கு இல்லை’

கல்லாவி, ஊத்தங்கரை பக்கமிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் தனியார் வங்கி வேலைக்குப் போகிறவர்கள், பணி ஆணை வந்ததும் சம்பளத்தைப் பார்ப்பார்கள். ‘வேலையை விட்டுத் தூக்கினால் எங்கே முறையிடுவது?’ என்று யோசிப்பவர்கள் குறைவு. யோசிக்க வேண்டும் என்று சொல்கிறது ஒரு வழக்கு.

ஃபெடரல் வங்கியின் கிளை மேலாளர் சாகர் தாமஸ் 1982-ல் சஸ்பெண்ட் ஆனார். விசாரணைக்குப் பின் டிஸ்மிஸ். ரிட் மனு போட்டார். கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வங்கி மேல்முறையீடு செய்தது. 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: இது தனியார் வங்கி, ரிசர்வ் வங்கி கண்காணிக்கிறது என்பதாலேயே அரசு அமைப்பு ஆகிவிடாது, ரிட் செல்லாது. அவரை நீக்கியது நியாயமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அரசு வங்கி என்றால்?

ரிட் போடலாம். பஞ்சாப் நேஷனல் வங்கியின் பியூன் ரூப் சிங் நேகியின் பணிநீக்கத்தை 2008-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போலீஸிடம் தந்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் மட்டும் துறை விசாரணையில் ஆதாரம் ஆகாது என்றது.

தனியார் வங்கி என்றால்?

கிளார்க் போன்ற ஊழியர்கள் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். முன்பு 3 வருஷ அவகாசம் இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் 2 வருஷம்தான். 6 மாதம் வேலை பார்த்தவர், தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேலாளருக்கு இந்த இரண்டுமே பொதுவாகக் கிடையாது. மிஞ்சுவது சிவில் கோர்ட். அங்கே ஜெயித்தாலும் பெரும்பாலும் இழப்பீடுதான்; வேலை திரும்பக் கிடைப்பது அரிது. புரமோஷன் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஒரே தொழில், ஒரே ரிசர்வ் வங்கி விதிகள். நீதி கேட்க மட்டும் ஆளுக்கொரு கதவு. எந்தக் கதவு என்று தெரியவே 21 வருஷம் ஆகிறதென்றால், அது சட்டத்தின் குறை. வங்கி ஊழியர் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பாயம், முடிக்க ஒரு காலக்கெடு: கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை, நீக்க உத்தரவு கைக்கு வந்தால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். 30 நாள் சீக்கிரம் ஓடிவிடும்.