மலையூர் விடுதியில் மூன்று இரவுகள்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே, மலைச்சரிவு ஒன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் கப்பிலெய்ரா என்னும் சிற்றூரிலே நாமும் எமது துணைவியாரும் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஆவணி மாதத்து வெயில். எதிரே வெள்ளை அடித்த சுவர் ஒன்றிலே பழைய பலகையொன்று தொங்கியது. அதில் ‘பொண்டா’ என்று எழுதியிருந்தது. காலை முதல் உலர்ந்த ரொட்டியன்றி வேறெதுவும் உண்ணாதிருந்த துணைவியார், “இந்த ஊரிலும் போண்டா சுடுகிறார்களோ?” என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். ஆயினும் அச்சொல்லின் கதை போண்டாவிலும் சுவையானது. வணிகரும் வழிப்போக்கரும் தங்கும் சத்திரத்தை அராபியர் ‘புந்துக்’ என்பர். அதுவே ஸ்பானியர் நாவிலே திரிந்து ‘பொண்டா’ ஆயிற்று. அச்சொல்லைக் கொண்டுவந்த மக்கள் அந்நாட்டை விட்டு அகற்றப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. சொல் மட்டும் சுவரிலே தொங்குகின்றது.

நாம் அங்குப் போனதற்குக் காரணம் ஒரு புத்தகம். ஜெரல்ட் பிரெனன் என்ற ஆங்கிலேயர் 1920 ஆம் ஆண்டளவில் இம்மலைப் பகுதியிலுள்ள யெஹென் என்னும் ஊரிலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1957 இல் வெளிவந்தது. மாணவப் பருவத்திலே அதனைப் படித்த நாள்தொட்டு அம்மலைகள் எம் மனத்திலே நின்றன. கிரனடா நகரில் ஓர் ஆசிரியர் கருத்தரங்குக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, அது முடிந்தபின் எஞ்சிய நான்கு நாட்களை அம்மலைகளுக்கே ஒதுக்கினோம்.

கிரனடாவிலிருந்து பஸ் தெற்கே இறங்கி, ஊற்று நீருக்குப் பெயர்பெற்ற லஞ்சரோனைத் தாண்டி, ஓர்ஹிவாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகின்றது. பதுளைப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் இங்கே தேயிலையும் இல்லை, மழைமேகமும் இல்லை. ஒருபுறம் வறண்ட பாறை. மறுபுறம் பொக்கெய்ரா என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் ஓரத்திலே பம்பனெய்ரா, புபியோன், கப்பிலெய்ரா என மூன்று வெள்ளை ஊர்கள் படிப்படியாக ஏறி நிற்கின்றன. மூன்றாவது ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே உள்ளது. அதற்கும் மேலே எழுவது 3,479 மீற்றர் உயரமான முலஹாசென் சிகரம். நமது பிதுருதலாகலை 2,524 மீற்றரே.

விடுதியில் அறைகள் ஏழே. மாடிப்படி ஒரே சீராக இல்லை. ஒரு படி ஒரு சாண், அடுத்தது முழம். சுவர்களின் கனத்தைப் பார்த்தால் கோட்டைக்குள் புகுந்ததுபோல் இருக்கும். முகட்டிலே செஸ்நட் மர உத்திரங்கள். அவற்றின் மேல் கற்பலகைகள். அதற்கும் மேலே ‘லவுனா’ என்று அவர்கள் சொல்லும் நீலச் சாம்பல் நிறமான மண்ணைப் பரப்பிக் கூரையைத் தட்டையாக அமைத்திருக்கின்றனர். மழை இறங்காதாம். அத்தட்டைக் கூரையிலே அத்திப்பழமும் மிளகாயும் காயப் போடுகின்றனர். ஒருவர் வீட்டுக் கூரை அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குச் சமமாக இருக்கும். கடலுக்கு அப்பால், மொறொக்கோவின் அற்லஸ் மலைகளில் வாழும் பெர்பர் மக்களின் வீடுகளும் இதே அமைப்பின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அறையிலே தொலைக்காட்சி இல்லை, சாளரம் இருந்தது. பட்டணத்துப் பெரிய ஹோட்டல்களின் குளிரூட்டிய அறைகளிலே நாம் கண்டிராத ஆழ்ந்த உறக்கத்தை அந்தச் சாளரத்தின் அருகே கண்டோம்.

உணவு விஷயத்திலே முதலிற் சிறிது சங்கடம் நேர்ந்தது. உணவறைக்குள் நுழைந்தோம். தலைக்கு மேலே உத்திரத்திலிருந்து இருபதுக்குக் குறையாத பன்றித் தொடைகள் தொங்கின! மேலே ட்ரெவெலெஸ் என்னும் ஊரிலே மலைக்காற்றில் உலர்த்தப்படும் பன்றித்தொடை ஸ்பெயின் எங்கும் புகழ் பெற்றது. பரம்பரைச் சைவரான நாம் அவற்றின் கீழே அமர்ந்து, “மச்சம் இல்லாமல் ஏதேனும் உண்டா?” என்று கேட்கவேண்டியதாயிற்று. விடுதித் தலைவியார் ஐம்பது வயது கடந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர். அவர் சற்றே யோசித்து, “ஏழைகளின் உருளைக்கிழங்கு தரட்டுமா?” என்றார். அதன் பெயரே அதுதான். கிழங்கையும் வெங்காயத்தையும் கறிமிளகாயையும் அரிந்து, ஒலிவ எண்ணெயிலே மெல்ல வேகவிட்ட பதார்த்தம். துணைவியார் தமது கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் சரையை எடுத்து ஒரு சிட்டிகை தூவினார். இரண்டாம் நாள் அச்சரை சமையலறைக்குள்ளே போய்விட்டது. துணைவியாரும் உடன் போய்விட்டார். வாதுமைப் பருப்பையும் உள்ளியையும் அரைத்துக் குளிர்ந்த நீரிற் கரைத்து, முந்திரிகைப் பழம் மிதக்கவிட்ட வெள்ளைச் சூப்பு ஒன்றை அவர் அங்கே கற்றுக்கொண்டார். இப்போது எம் வீட்டிலே விருந்தினருக்கு அது கிடைக்கின்றது. சிலர் புகழ்கின்றனர்; சிலர் பேசாமல் இருக்கின்றனர்.

தோடம்பழத்தை அவர்கள் ‘நராங்ஹா’ என்கின்றனர். நமது நாரத்தைக்கு உறவான சொல். சீனியை ‘அஸுக்கார்’ என்கின்றனர்; நமது சர்க்கரைக்கு உறவு. இவையும் அராபியர் வழியாகவே அங்குப் போய்ச் சேர்ந்தவை.

முதலிரவு படுத்திருக்கையில் இடையறாத நீரோசை கேட்டது. குழாயைப் பூட்ட மறந்தோமோ என்று எழுந்து பார்த்தோம். இல்லை. சாளரத்தின் கீழே, தெரு ஓரமாக, ஒரு முழ அகலமான வாய்க்காலிலே நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணி மாதம், ஒரு துளி மழை இல்லாத காலம், மலை முகட்டிலோ உறைபனி கரைந்து முடிந்துவிட்டது. இந்நீர் எங்கிருந்து வருகின்றது?

மறுநாட் காலையில் தலைவியாரின் தந்தையாரைக் கேட்டோம். வயது எண்பத்து மூன்று, மகள் மொழிபெயர்த்தார். பனி கரையும் வேனிற் காலத் தொடக்கத்திலே, மலையின் உச்சிப் பகுதியிலுள்ள வாய்க்கால்கள் வழியே நீரைத் திருப்பி, அதனை உறிஞ்சும் தன்மையுள்ள சரிவுகளிலே வேண்டுமென்றே சிந்தவிடுகின்றனர். நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். நிலத்தினுள்ளே மெல்ல மெல்ல ஊர்ந்து, சில கிழமைகளின் பின்னோ மாதங்களின் பின்னோ கீழேயுள்ள ஊற்றுகளிலே, வெயில் கொளுத்தும் வேளையிலே, வெளிவரும். அணை இல்லை, சீமேந்து இல்லை. இதனை ‘நீரை விதைத்தல்’ என்கின்றனர். “விதைத்தவன் எல்லாம் அறுப்பதில்லை, கீழே உள்ள ஊரவன் அறுப்பான்” என்று முதியவர் சிரித்தார்.

வாய்க்காலுக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘அஸெக்கியா’. நீர் தேக்கும் தொட்டிக்கு ‘அல்பெர்க்கா’. இரண்டும் அராபியச் சொற்கள். அவற்றை இம்மலையிலே விட்டுச் சென்றவர்களின் கதையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. 1492 இல் கிரனடாவின் கடைசி முஸ்லிம் அரசு வீழ்ந்தபோது, மக்களின் சமயமும் வழக்கங்களும் காக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்டது. பத்தாண்டு கழியுமுன் அவ்வாக்குத் தவறிற்று. கட்டாய மதமாற்றம் நிகழ்ந்தது. 1567 இல் மற்றொரு கட்டளை பிறந்தது: மூன்றாண்டுக்குள் எல்லோரும் அரசின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதன்பின் அரபு மொழியை வீட்டுக்குள்ளும் பேசலாகாது, அவர்களது உடையும், குளிப்பிடமும், பெயர்களுங்கூட ஆகா. மொழியைச் சட்டத்தால் அடக்கப் புகுந்தால் என்ன நிகழும் என்பதை நம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1568 ஆம் ஆண்டு நத்தார் வேளையில் இம்மலைகளில் கலகம் மூண்டது. 1571 அளவில் அது அடக்கப்பட்டது. பல்லாயிரவர் வீடு வாசலை விட்டு வடக்கே நடத்திச் செல்லப்பட்டனர். 1609 முதல் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர்.

வெறிச்சோடிய ஊர்களிலே கலீசியா, லெயோன் முதலான வடபகுதிகளிலிருந்து 12,000 க்கு மேற்பட்ட குடும்பங்களை அரசு குடியேற்றியது. எந்த நிலம் யாருடையது, எந்த நீர் எங்கே பாய்வது என்பதையெல்லாம் அரச அலுவலர் ஏடுகளில் எழுதிக்கொண்டனர். எழுதியது அவர்கள்; சொல்லிக் கொடுத்தோர் பழைய குடிகளே. வந்தவர்களுக்கு இம்மலையின் நீர்முறை தெரியாது. ஆதலால் ஊருக்கு இரண்டு பழங்குடும்பங்களை மட்டும் போகவிடாது நிறுத்தி வைத்தனர் என்று இம்மலையூர்களில் இன்றும் சொல்லுகின்றனர். “நாங்கள் வடக்கே இருந்து வந்த குடிகள், தண்ணீர் மட்டும் அவர்களுடையது” என்றார் முதியவர்.

மூன்றாம் இரவு அவருடைய முறை. பின்னிரவு இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணி வரை. நாமும் வருகிறோம் என்றதும் மகள் வியப்போடு பார்த்தார். தந்தையோ மகிழ்ந்து ஒரு கம்பளிச் சட்டையை எம்மிடம் நீட்டினார். நிலவிலே, ஆள் ஒருவர் மட்டும் நடக்கத்தக்க வரம்பு வழியே, கையில் மண்வெட்டியுடன் அவர் முன்னே செல்ல நாம் பின்னே தடுமாறிச் சென்றோம். ஒரு தட்டைக் கல்லை அகற்றி மடையைத் திறந்தார். நீர் சலசலத்துத் தோட்டத்துக்குள் திரும்பிற்று. போஞ்சிப் பாத்தி, தக்காளிப் பாத்தி, கிழங்குப் பாத்தி என்று ஒவ்வொன்றாக வெட்டியும் கட்டியும் விட்டார். இடையிலே ஒருமுறை மண்வெட்டியை எம் கையிலே தந்தார். ஒரு பாத்தியை உடைத்துவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் வாங்கிக்கொண்டார்.

சரியாக நான்கு மணிக்குக் கோவில் மணி அடித்தது. அந்தக் கல்லைப் பழையபடி வைத்தார். அடுத்த முறைக்காரரை எங்கும் காணவில்லை. “ஆள் வரவில்லையே?” என்று சைகையாற் கேட்டோம். அவர் கையை விரித்தார். நீர் எவருக்கும் பயன்படாமல் பள்ளத்தாக்கை நோக்கி ஓடிற்று.

யாழ்ப்பாணத்து உறுதிகளிலே ‘கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும்’ என்று எழுதியிருப்பதை நம்மவர் பலர் கண்டிருப்பர். பங்குக் கிணற்றில் இறைப்பு முறை தவறினால் சகோதரர் வழக்காடிய காலம் உண்டு. அக்காலத்தில் நாம் அதனை இழிவாக எண்ணிச் சிரித்ததுண்டு. முறைக்கு வர ஆளில்லாத அந்த நீரைக் கண்ட பின் சிரிக்கத் தோன்றவில்லை.

காலை உணவின்போது தலைவியார் எல்லாம் சொன்னார். கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகள் தொடக்கம் எழுபதுகள் வரை இம்மலை மக்கள் பார்சிலோனாவுக்கும் ஜேர்மனிக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். அவருடைய தந்தையும் 1962 இல் பார்சிலோனாவில் ஓர் ஆலையிலே வேலைக்குப் போனவர். மகள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். ஓய்வு பெற்றுத் தந்தை ஊருக்குத் திரும்பியபோது மகளும் உடன் வந்து பாட்டனாரின் வீட்டை விடுதியாக்கினார். தம்பியோ அங்கேயே இருந்துவிட்டார். வீட்டையும் தோட்டத்தையும் விற்றுவிடுவோம் என்கிறார். நல்ல விலையும் கிடைக்கும். வெளிநாட்டார் வீடுகளை ஆசையோடு வாங்குகின்றனர். வெள்ளை அடித்துப் பூச்சாடியும் வைக்கின்றனர். ஆனால் மண்வெட்டி எடுத்து வாய்க்கால் துப்புரவு செய்ய வருவோர் சிலரே. ஆவணியில் வெளியூரிலிருந்து வந்த உறவினரால் தெருவெல்லாம் நிறைந்திருக்கின்றது. புரட்டாதி பிறந்தால் எஞ்சுவோர் சில நூறு பேர், அவரிலும் முதியோரே மிகுதி. மேல் வாய்க்காலைத் துப்புரவு செய்யாவிட்டால் இரண்டொரு மாரியிலே அது தூர்ந்துவிடும். அது தூர்ந்தால் ஊற்று வற்றும். ஊற்று வற்றினால் இந்தப் பச்சை இராது. “பச்சை இல்லாவிட்டால் நீங்கள் ஏன் இங்கே வரப்போகிறீர்கள்?” என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

ஓர் ஆறுதல் உண்டு. 2014 முதல் கிரனடாப் பல்கலைக்கழகத்தார் மாணவரையும் தன்னார்வலரையும் கூட்டிவந்து, தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களை ஊரவரோடு சேர்ந்து திருத்தி வருகின்றனர். அண்மையில் அந்நாட்டை வாட்டிய வரட்சியும் பலருடைய கண்ணைத் திறந்திருக்கின்றது.

நான்காம் நாட் காலை விடைபெற்றோம். கணக்குச் சீட்டிலே கிழங்குக்கு விலை போடவில்லை. “நீங்கள் தண்ணீர் கட்டிய கிழங்கு” என்றார் தலைவியார். உடைத்த பாத்தியைப் பற்றித் தந்தை அவரிடம் சொல்லவில்லை போலும்.

இவ்வாண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் நாள், வீட்டிலே பலகாரச் சூட்டுக்கிடையில், துணைவியாரின் கைத்தொலைபேசிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முழங்கால் வலியினால் தந்தையாருக்கு மலை ஏற முடியவில்லையாம். விடுதியை இரண்டு நாள் பூட்டிவிட்டு அவரே மண்வெட்டியுடன் போனாராம். மொத்தம் பதினொரு பேர் வந்தனராம். பார்சிலோனாத் தம்பி வரவில்லை. தம்பியின் பத்தொன்பது வயது மகன் வந்திருந்தான். அவனுக்கு எந்த மடையின் பெயரும் தெரியாது. கிழவர் வீட்டில் இருந்தபடியே தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாராம்.