அலமாரியில் இருக்கு... கம்ப்யூட்டரில் இல்லையா?

கல்லூரி நூலகக் கம்ப்யூட்டரில் ஒரு மாணவி 'ஜெயகாந்தன்' என்று தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு புத்தகங்கள் வருகின்றன. அலமாரியிலோ பத்து இருக்கின்றன. மீதி ஆறு எங்கே போயின?

எங்கும் போகவில்லை. ஒன்றில் 'ஜயகாந்தன்', இன்னொன்றில் 'ஜெயக்காந்தன்' எனப் பதிவாகியிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் பல கேட்டலாக்குகளுக்கு அவர் வேறு ஆள்தான். 'இங்கே இல்லை போல' என்று மாணவி கிளம்பிவிடுவார். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் படிக்க ஆளின்றித் தூங்கும்.

இதைச் சரிசெய்யத்தான் உலகெங்கும் பல்கலைக்கழக நூலகர்கள் பைத்தான், பெர்ல் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளைக் கற்கிறார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் சின்னக் கட்டளைப் பட்டியல்தான் ஸ்கிரிப்ட்.

24 நாள் வேலை, சில நிமிடங்களில்!

ஓர் உதாரணம். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என்., 2007 ஜனவரி 1 முதல் 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமானது. பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது. கடைசி இலக்கத்தையும் புதிதாகக் கணக்குப்போட வேண்டும். புத்தகத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும், 10,000 புத்தகங்களுக்கு 166 மணி நேரம் தாண்டிவிடும். தினமும் 7 மணி நேரம் உட்கார்ந்தாலும் சுமார் 24 நாள்கள். அதையே ஸ்கிரிப்ட் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

இது முடிவதற்குக் காரணம், நூலகப் பதிவுகளுக்கு ஒரு பொது ஒழுங்கு இருப்பதுதான். 1960-களில் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் ஹென்ரியட் அவ்ரம் தலைமையில் உருவான 'மார்க்' முறையில், தலைப்புக்கு 245, ஆசிரியர் பெயருக்கு 100 என எண்கள் உண்டு. அதைப் படிக்க 'பைமார்க்' என்ற இலவச பைத்தான் தொகுப்பும் இருக்கிறது.

நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடும் 'கோஹா' மென்பொருளே பெர்ல் மொழியில் எழுதப்பட்டதுதான். நியூசிலாந்தின் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி, 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் பரிசு!

மெஷினுக்குத் தெரியாதது

ஆனால், ஒன்று. இரண்டு பதிவுகளில் 'கே.சுப்பிரமணியன்' என்று இருந்தால், இருவரும் ஒருவரா என்று ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. ஒருவர் இயற்பியல் பேராசிரியர், மற்றவர் நாவலாசிரியர் என்பது நூலகருக்குத்தான் தெரியும். தவறாகச் சேர்த்தால், ஆயிரம் பதிவுகளும் ஒரே நொடியில் கெட்டுவிடும். அதனால்தான் வெளியாளிடம் கொடுப்பதைவிட, புத்தகங்களை அறிந்தவரே ஸ்கிரிப்ட்டும் கற்பது நல்லது.

தொடங்க நினைக்கும் நூலகர்களுக்கு மூன்று விஷயங்கள்:

* முதலில் முழுப் பதிவுகளையும் பேக்கப் எடுங்கள்.

* அதன் நகலில் 10 பதிவுகளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

* சந்தேகமான பெயர்களைத் திருத்தாமல், தனிப் பட்டியலாகக் கொடுக்கும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. பைத்தான் இலவசம், நூலகத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே அதற்குப் போதும். இந்த விடுமுறையில் தொடங்கலாமே!