நீண்ட சொல்லுக்கு அஞ்சலாமா?

குறித்த சில எழுத்துக்கள் அடங்கிய நீண்ட ஆங்கிலச் சொற்களைத் தேடுவது மாணவிகள் பலருக்கும் பிடித்த விளையாட்டு. ஐந்து உயிரெழுத்துக்களும் ஒவ்வொரு முறை வரும் சொல் எது? 'எடியுகேஷன்'. அதில் 9 எழுத்துக்கள். அதே 9 எழுத்துக்களைக் கொண்ட 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதிலோ ஒரேயொரு உயிரெழுத்துத்தான்.

இதை வீண் பொழுதுபோக்கு என்று உம்மாமார் கடிந்துகொள்வதுண்டு. எனது கருத்து வேறு. 'அன்கொப்பிரைட்டபிள்' என்ற சொல்லில் 15 எழுத்துக்கள். எதுவுமே இருமுறை வராது. பார்த்ததும் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பாருங்கள்: 'அன்', 'கொப்பி', 'ரைட்', 'ஏபிள்'. எல்லாம் நாம் அறிந்த துண்டுகளே. ஒன்றுசேர்ந்ததும் 'பதிப்புரிமை பெற முடியாத' என்று பொருள் தருகின்றன.

எழுத்துக்களை எண்ணி மகிழ்வதோடு நின்றுவிட்டால் பயனில்லை. பொருளறிந்து, வசனத்தில் அமைத்து, வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ஆங்கிலம் வராதென்று வகுப்பில் தலைகுனிந்திருக்கும் தோழிக்கு, பெரிய சொல்லும் சிறு துண்டுகளின் சேர்க்கையே என்ற உண்மை துணிவு தரும். பெற்றோரே, இன்றிரவு அகராதியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு நீங்களும் சற்று அமருங்கள்.