இறகு கொட்டும் கோழியை விற்க அவசரப்படாதீர்கள்

கோழி இறகைக் கொட்டிக்கொண்டு நிற்கிறது, முட்டையும் இல்லை, சந்தைக்குக் கொண்டுபோவோமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகின்றது. சொந்தக் காணிக்குத் திரும்ப வழியின்றி, நாலைந்து ஊர்க்கோழிகளையே கைமுதலாக வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அல்ல.

தென்மராட்சி மக்கள் இதனை நன்கறிவர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் இப்பக்கம் வந்தபோதும், 2000ஆம் ஆண்டு சாவகச்சேரியே போர்க்களமாகி இங்குள்ளோர் வெளியேறியபோதும், கையில் எடுத்த பொருள் கொஞ்சம், வளவில் விட்ட உயிர்கள் அதிகம். அத்தகைய இழப்புக்குப் பின் சேர்த்த கோழியை அரைவிலைக்கு விற்பது மீண்டும் முதலை இழப்பதாகும்.

இறகு கொட்டுவது நோயல்ல. ஒரு முட்டைக் காலம் முடிந்ததும் கோழி பழைய இறகைக் கழித்துப் புதியதை வளர்க்கின்றது. தலை, கழுத்தில் தொடங்கி உடல், செட்டை, வால் என்று அது தொடரும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் பெரும்பாலான கோழிகள் ஒன்றாகவே கொட்டும். நமது பகுதியில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே மாறுவதால், அடைகிடந்த களைப்பு, தீனிக்குறைவு, வெப்பம், இடமாற்றம் ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம்.

சில கோழிகள் இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடும். சிலவற்றுக்கு ஐந்தாறு மாதமும் செல்லும். இவற்றின் செட்டையில் உள்ள பத்துப் பெரிய இறகுகளும் ஒவ்வொன்றாகவே விழும். ஒன்று வளர ஆறு கிழமையளவு எடுக்கும். மெதுவாகக் கொட்டும் கோழி முட்டைக்கு உதவாது, கழித்துவிடுங்கள் என்று பண்ணைப் பாடநூல்கள் கூறும். ஆயிரம் கோழி வளர்ப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும், வளவின் ஆபத்தை அறிந்த ஊர்க்கோழிக்குத் தீர்ப்புச் சொல்லுமுன், நாம் அதற்கு என்ன போட்டோம் என்று பார்க்க வேண்டும். இறகில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புரதமே. தவிடும் அரிசிக் குறுணலும் மட்டும் தின்னும் கோழி எதைக்கொண்டு இறகு வளர்க்கும்?

எனவே இக்காலத்தில் மீன் கழிவை அவித்துக் கொடுங்கள். கருவாடானால் ஊறவைத்து உப்பை நீக்குங்கள். எள்ளுப் பிண்ணாக்கு மிக நல்லது. இறகுக்கு வேண்டிய கந்தகம் சேர்ந்த புரதக்கூறு அதில் அதிகம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சு, போடவேண்டாம். கறையானும் முருங்கையிலையும் செலவில்லாத் தீனி. நிழலும் நல்ல தண்ணீரும் அவசியம். புதிதாக முளைக்கும் இறகுக் குருத்தில் இரத்தம் ஓடும். பிடித்தால் நோகும், முறிந்தால் இரத்தம் வரும். ஆகவே தேவையின்றித் தூக்காதீர்கள். பேன் இருக்கிறதா என்று இரவில் மெதுவாகப் பாருங்கள். சாம்பல் கலந்த மணலில் குளிக்க விடுங்கள். தீனி தின்னாமல் குறாவி நின்றால், பச்சையாகக் கழிந்தால், மூச்சுத் திணறினால் அது இறகு கொட்டல் அல்ல; உடனே பிரித்து வைத்து அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இப்படிப் பராமரித்தும் அடுத்த முறையும் முட்டையின்றி நாளைக் கடத்தினால், அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

உதவி நிறுவனங்களுக்கும், திருச்சபைப் பணியாளராகிய நமக்கும் ஒரு வார்த்தை. ஒரே வயதுக் கோழிகளைக் கொடுத்தால் அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓயும். குடும்பத்தின் வருமானமும் அன்றே நின்றுவிடும். அந்த மாதத்திலும் கடன் தவணை கேட்டால், அவர்கள் கோழியை விற்றுத்தான் கட்டுவார்கள். வெவ்வேறு வயதுக் கோழிகளைக் கொடுப்போம். ஓய்வு மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிவைத்துத் தீனிக்குச் சிறு உதவி செய்வோம். அறிக்கையில் முட்டைகளை மட்டும் எண்ணாமல், ஆண்டு முடிவில் கூட்டில் எத்தனை கோழி எஞ்சியிருக்கிறது என்பதையும் எண்ணுவோம்.

எருசலேமுக்காக வருந்திய ஆண்டவர், தம்மைக் குஞ்சுகளைச் செட்டைக்குள் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டார். அந்தச் செட்டையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டியதே. எல்லாம் இழந்து மீண்டும் தொடங்கும் மனிதரிடமும் உடனடி விளைச்சலைக் கேட்கிறவர்கள், ஒரு கோழிக்கு எத்தனை மாதம் வேண்டும் என்பதையாவது கற்றுக்கொள்ளட்டும்.