காட்டுக்குப் போகுமுன் வீட்டில் பழகுங்கள்!

கொங்கு நாட்டுத் தோட்டத்துக் கிணறுகளில் பிள்ளைகள் நீச்சல் பழகும் விதம் ஊரறிந்தது. முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி விடுவார்கள். மேட்டில் அப்பாவோ மாமனோ காவல் நிற்பார். பையன் தண்ணீர் குடிப்பான், அழுவான், சில நாளில் மீன்போல் நீந்துவான். வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று எந்தத் தகப்பனாவது சொல்வாரா?

காட்டு விஷயத்தில் மட்டும் இந்தப் புத்தி நமக்கு வருவதில்லை.

சரவணம்பட்டி ஒரு காலத்தில் தோட்டமும் கிணறுமாக இருந்த ஊர். இன்று அங்கே பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள். ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்த வாலிபர்களும் பெண்களும் சனிக்கிழமையானால் மூட்டை கட்டுகிறார்கள். வெள்ளியங்கிரி, வால்பாறை, திம்பம் என்று கிளம்புகிறார்கள். மலை பக்கத்தில் இருப்பது பாக்கியம்தான். போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கையில் செல்போனும் காலில் புதுச் செருப்பும் இருந்தால் போதுமா?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேறப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்வது நியாயம் அல்ல. இனிப் போகிறவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மலைச் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே ஓடி அதை வெல்வது அரிது. புல் இல்லாத வெறும் பாறையும், எரிந்து ஆறிய தரையும்தான் புகலிடம். உடையிலும் கவனம் தேவை. நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி உருகாது.

2022 பிப்ரவரியில் பாலக்காடு அருகே மலம்புழாவில் நடந்தது வேறு விதம். மலையேறிய வாலிபர் ஒருவர் வழுக்கி விழுந்து பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார். காலில் காயம். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. ஏறக்குறைய இரண்டு நாள் அங்கேயே இருந்தார். ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார்கள். அவர் இருக்கும் இடம் வெளியே தெரிந்திருந்தது. அதனால்தான் வீரர்கள் நேராக அங்கே போக முடிந்தது.

செல்போன் எடுக்காத காட்டில் இடத்தை எப்படித் தெரிவிப்பது? ஒரு விசில் போதும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை. உலகின் பல மலைகளில் இதற்கு “ஆபத்து” என்று பொருள். கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார். பிள்ளைகளோடு மைதானத்தில் பழகிப் பார்க்கலாம். (அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!)

திசை அறிவதும் எளிது. வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு; இரண்டாவது கிழக்கு. நம் வீட்டு வாசலில் கிழக்கு எது என்று நமக்கே தெரியும். ஆகவே தவறு செய்தால் உடனே புரிந்துவிடும். காட்டில் திருத்த யார் இருக்கிறார்கள்?

இரண்டு லிட்டர் தண்ணீரைத் தோளில் சுமந்து மருதமலைப் படிகளை ஒருமுறை ஏறிப் பாருங்கள். மூச்சு எங்கே வாங்குகிறது, தண்ணீர் எங்கே தீர்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சினிமாவில் கதாநாயகன் இரண்டு கல்லைத் தட்டித் தீ மூட்டுவான். அந்த வித்தை கோடைக் காட்டில் வேண்டவே வேண்டாம், குரங்கணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். எந்த மலை, எந்த வழி, கூட யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதுங்கள். அந்த நேரம் தாண்டினால் 112-க்குப் போன் செய்யும்படியும் எழுதி, அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.