எட்டுப் பொருள்களும் சோறும்

மனிதன் பிறவியிலேயே ஆசைக்காரன், பொதுவுடைமை அவனுக்கு ஒத்துவராது என்பது பழைய வாதம். 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தனிச்சொத்தை மனிதனின் இயற்கை உரிமை என்றே தம் சுற்றுமடலில் நிறுவினார். ஆனால் 1845லேயே மார்க்ஸ், மனித சாரம் என்பது சமூக உறவுகளின் தொகுப்பு என்று குறித்துவைத்திருந்தார். இந்த வழக்கில் நாம் அழைக்க விரும்பும் சாட்சி அம்பேத்கர்.

நாகபுரியில் பௌத்தம் தழுவிய அடுத்த மாதமே, 1956 நவம்பரில், காத்மாண்டு உலக பௌத்த மாநாட்டில் அவர் புத்தரையும் மார்க்ஸையும் பற்றிப் பேசினார். தனிச்சொத்து சுரண்டலுக்கு வழி என்பதில் அவருக்கு மார்க்ஸோடு சண்டையில்லை. பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் விலகும் நாளில் பொதுவுடைமையை எது தாங்கும் என்பதே அவர் கேள்வி. மனம் மாறியிருந்தால்தான் தாங்கும் என்றார். இதே பொருளில் அவர் எழுதிய கட்டுரை பௌத்தத் துறவிகளின் சங்கத்தைச் சான்று காட்டுகிறது. பிக்கு வைத்துக்கொள்ளக்கூடியவை எட்டு: மூன்று சீவரம் (துறவாடை), அரைக்கச்சை, பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி.

மனமாற்றத்தை நம்பிய புத்தர் இப்படி எண்ணிக் கொடுப்பாரா? மிகைச் சீவரத்தைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருந்தால் ஒப்படைக்க வேண்டும் என்கிறது துறவிகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விதிகளைக் கூடி ஓத வேண்டும். துறவிக்கும் துணி மேல் ஆசை வரும் என்று புத்தருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அளவில் லியோவைவிட அவர் கறாரானவர். ஆனால் பிடிக்காத பிக்கு சீவரத்தைக் களைந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மாறாக, 1932இல் உள்நாட்டு பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்த சோவியத் அரசு, கூட்டுப்பண்ணை விவசாயிக்கு அதைத் தரவில்லை. அம்பேத்கரின் சான்று வலுப்பெறும் இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. மனத்தைப் பற்றிய பேச்சைவிட இந்தத் திறந்த கதவு பெரிது.

சான்று தடுமாறும் இடமும் உண்டு. பிக்குவுக்குப் பிள்ளை இல்லை, சொத்து சேர்த்து வைக்க வேண்டியதில்லை. மண்ணைத் தோண்டவும் விநயம் விடாது. பாத்திரத்தில் விழும் சோறு, சங்கத்தின் பொதுவுடைமைக்கு வெளியே, யாரோ ஒருவர் உழுத நிலத்திலிருந்து வருகிறது. பௌத்தத்தையும் மார்க்ஸையும் தொட்ட இன்னொருவரும் உண்டு. சென்னையில் மகாபோதி சங்கம் நடத்திய சிங்காரவேலர், 1925இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பௌத்தத்திலிருந்து மார்க்ஸுக்கு அவர் நடந்த பாதையில்தான் அம்பேத்கர் எதிர்த்திசையில் வந்தார். உழுபவரையும் பிள்ளை பெற்றவரையும் உள்ளே வைத்து, கதவையும் திறந்து வைக்கும் சங்கம் எப்படி இருக்கும் என்பதை இருவருமே எழுதி முடிக்கவில்லை.