காட்டுப்பன்றியைச் சுட சைலன்ஸர் மாட்டினால் குறி தப்புமா?

செஞ்சிப் பக்கம் மல்லாட்டை போட்டிருக்கிற (வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர்) யாரிடமாவது காட்டுப்பன்றி பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் கொல்லை காலி.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை, பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது.

சரி, ஒரு வெடிச் சத்தத்திலேயே கூட்டம் சிதறிடுமே, சைலன்ஸர் மாட்டினால் என்ன?

முதலில், சினிமாவில் வரும் அந்த ‘ஃபுட்’ சத்தத்தை மறந்துடுங்க. ரைஃபிள் சத்தம் சுமார் 160 டெசிபல். சைலன்ஸர் அதில் 20 முதல் 30 வரைதான் குறைக்கும். ஒலியைவிட வேகமாகப் போகிற குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை எதுவும் அடக்காது. ஆனால், துப்பாக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஊகிக்கிறது கஷ்டமாகும்.

குறி? இங்கேதான் பலருக்கும் குழப்பம். சைலன்ஸரால் துல்லியம் கெடுவதில்லை. உதையும் சத்தமும் குறைவதால் சுடுகிறவர் பதறாமல் சுடுவார், அது லாபம். ஆனால் குழலின் நுனியில் எடை கூடுவதால், சுடும்போது குழல் அதிரும் விதம் மாறுகிறது. குண்டுகள் பழையபடி நெருக்கமாகவே விழும், இடம் மட்டும் தள்ளிப் போகும். மாட்டிய பிறகு குறியை மறுபடி சரிபார்த்தே ஆகணும். தொடர்ந்து சுட்டால் சூடேறி, தொலைநோக்கிக்கு முன்னால் கானல் ஆடும்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் மருந்தின் அளவை மாற்றித் தாங்களே தோட்டா நிரப்பி, அதைச் சைலன்ஸருக்குப் பொருத்திக்கொள்கிறார்கள். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. இன்னொன்று தெரியுமா? 1959 ஆயுதச் சட்டப்படி, சத்தத்தைக் குறைக்கும் கருவியே ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள் வருகிறது. ‘வெறும் உதிரிபாகம்தானே’ என்று வாங்கி வைக்க முடியாது.

வனத்துறைக்குக் கொடுக்கலாமா? என் பார்வையில் அது இரண்டாவது கேள்விதான். 2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலையில், துப்பாக்கிச் சுடும் தளத்தில் பயிற்சி நடந்தபோது வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் இறந்துபோனான். அது பகல், அதுவும் பயிற்சிக்கென்றே ஒதுக்கிய இடம். பன்றி வருவதோ இருட்டில், ஊரை ஒட்டிய கொல்லையில். தவறிய குண்டு எங்கே போய் நிற்கும்? மண் கரை இருந்தால் புதைந்துவிடும். செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல் பாறை. பட்ட குண்டு எந்தத் திசையில் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.